34 வயதுக்கும் 58 வயதுக்கும் நடுவே

ஆசிரியருக்கு,

வணக்கம். ஓய்வு பெற்ற கிரிக்கெட் வீரர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடியவர்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். நான் இருப்பது வியாசர்பாடி. இங்கே தெருவுக்குத் தெரு பந்து உருளும். தனபால் கணேஷ் இங்கிருந்து போய்த்தான் இந்திய அணியில் ஆடினார். 'உன் பையனும் நல்லா ஆடறான், சேர்த்து விடு' என்று பெற்றோர்களிடம் சொல்கிறோம். ஆட்டம் முடிந்த பிறகு அந்தப் பையன் என்ன செய்வான் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், நம்மிடம் ஒழுங்கான பதில் இல்லை.

பெரிய பெயர்களைப் பற்றிக் கவலை இல்லை. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம்.விஜயன் கேரள போலீஸில் அதிகாரியாக இருந்து 2025இல் ஓய்வு பெற்றார். நடுவே தமிழ்ப் படங்களில் வில்லனாகவும் வந்தார். பத்மஸ்ரீயும் கிடைத்தது. பாய்ச்சுங் பூட்டியா கால்பந்துப் பள்ளிகள் நடத்துகிறார், கட்சி தொடங்கினார், தேர்தல்களில் நின்று தோற்றார், 2024இல் அரசியலே வேண்டாம் என்று விலகினார். பிரசூன் பானர்ஜி ஹவுரா எம்.பி. ஆனார். நான் எழுத வந்தது இவர்களைப் பற்றி அல்ல. பத்து இருபது சர்வதேச ஆட்டங்கள் ஆடி, முழங்கால் போய், 30 வயதில் வீடு திரும்புகிறவர்களைப் பற்றி.

முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது. ரயில்வே, வங்கி, போலீஸ், சுங்கத்துறை எல்லாம் கால்பந்து அணி வைத்திருந்தன. ஆட்டக்காரனுக்கு அங்கே நிரந்தர வேலை. ஆட்டம் நின்றாலும் மறுநாள் காலையில் போய் உட்கார ஒரு நாற்காலி இருக்கும். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி ஸ்டேட் வங்கியில் இருந்தார், பி.கே.பானர்ஜி கிழக்கு ரயில்வேயில் இருந்தார். அதே அணியின் துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். உடல்நலம் கெட்டு இருபதுகளிலேயே ஆட்டத்தை விட வேண்டி வந்தது. அவரைத் தாங்கியதும் ரயில்வே வேலைதான். சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத்துறை அணிகள் மோதியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1996இல் தேசிய லீக் தொடங்கியபோது நம் ஊர் இந்தியன் வங்கி அணியும் அதில் ஆடியது.

ஆனால் வேலை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். வி.பி.சத்யன் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்க வேண்டும். இந்திய அணியின் கேப்டன், 1995இன் சிறந்த வீரர். கேரள போலீஸிலிருந்து இந்தியன் வங்கிக்கு வந்து, அந்த அணிக்கே பயிற்சியாளராகவும் இருந்தார். பழைய காயங்களும் மன அழுத்தமும் அவரை விடவில்லை. 2006 ஜூலையில், 41 வயதில், இதே சென்னையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்த மனிதர் அவர். நாட்டுக்காக ஆடும்போது பட்ட காயத்துக்கு ஆட்டம் முடிந்த பிறகும் சிகிச்சை தர வேண்டும், மனநல ஆலோசனையும் அதில் அடங்க வேண்டும். அவர் போய் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இதை ஒரு கோரிக்கையாகவே எழுத வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். துறை அணிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. தனியார் நிறுவன அணிகளும் நிற்கவில்லை: மகிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது, ஜே.சி.டி. 2011இல். 2014இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வந்ததும் கையில் நல்ல பணம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது ஒப்பந்தப் பணம். ஓரிரண்டு சீசனுக்குக் கையெழுத்து போடுகிறார்கள். கால் போனால் அடுத்த கையெழுத்து இல்லை. 2025 ஆகஸ்டில் லீக் நடக்குமா என்றே தெரியாமல் போனபோது, பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளையே நிறுத்தி வைத்தது. இந்திய அணிக்கு ஆடிக்கொண்டிருக்கும் ஆட்களுக்கே அந்தக் கதி என்றால், ஆடி முடித்தவரை யார் கேட்கப்போகிறார்கள்?

பெண்கள் பாடு இன்னும் மோசம். மணிப்பூர் போலீஸ் வேலை இருந்ததால் இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பெம்பெம் தேவி 2016இல் ஓய்வு பெற்ற பிறகும் பயிற்சியாளராகக் கால்பந்துக்குள்ளேயே நிற்க முடிந்தது. இந்திய அணிக்கு ஆடிய நம் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். ஆனால் இந்திய ஜூனியர் அணிக்கு ஆடிய ஒரு பெண் கொல்கத்தாவில் சாப்பாடு டெலிவரி செய்கிறார், இன்னொருவர் ஜார்கண்டில் செங்கல் சூளைக்குப் போகிறார் என்று செய்திகள் வந்தனவே, அவர்களும் அதே நீலச் சட்டை போட்டவர்கள்தான். செய்தி வந்தால் உதவி வருகிறது. செய்தி வராதவர்களுக்கு?

பென்ஷன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மத்திய அரசு சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு, ஓய்வு பெற்று 30 வயது தாண்டியதும் மாத ஓய்வூதியம் தருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மனமில்லை. ஆனால் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், உலகப் போட்டி ஆகியவற்றில் பதக்கம் வாங்கியிருக்க வேண்டும். காமன்வெல்த் விளையாட்டில் கால்பந்தே கிடையாது. ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து கடைசியாகப் பதக்கம் வாங்கியது 1970இல், பாங்காக்கில், வெண்கலம். அதற்குப் பிறகு ஆடிய எவருக்கும் கால்பந்தை வைத்து இந்த ஓய்வூதியம் கிடைக்க வழியே இல்லை. நூறு ஆட்டம் ஆடினாலும் இல்லை. தெற்காசிய நாடுகள் மோதும் சாஃப் கோப்பையை எத்தனை தடவை தூக்கினாலும் அது கணக்கில் வராது. எண்பதுகளின் தொடக்கத்தில் நம் பெண்கள் அணி ஆசியக் கோப்பையில் இரண்டு தடவை இரண்டாம் இடம் பிடித்தது, அதுவும் வராது. பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தையும் தனி ஆள் போட்டியையும் ஒரே பதக்கக் கணக்கில் அளப்பது நியாயமா? இத்தனை சர்வதேச ஆட்டங்கள் ஆடியிருந்தால் போதும் என்று ஒரு வரம்பு வைப்பதில் என்ன கஷ்டம்?

நம் மாநில அரசும் நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் தருகிறது. அதற்கு வயது 58 ஆக வேண்டும். கால்பந்துக்காரன் 34 வயதில் பூட்ஸைக் கழற்றுகிறான், பலர் அதற்கும் முன்பே. நடுவில் இருக்கும் 24 வருடங்களில்தான் பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், வீட்டு வாடகை, கால் ஆபரேஷன் எல்லாம் வருகின்றன.

அந்த வருடங்களுக்கு நல்ல வழி பயிற்சியாளர் வேலை என்பது என் எண்ணம். காலித் ஜமீல் காயங்களால் ஆட்டத்தை விட்டவர். 2009இல் மும்பை எஃப்.சி.யில் பயிற்சியாளராகத் தொடங்கி, மிசோரமின் ஐசால் அணிக்கு ஐ-லீக் (பழைய தேசிய லீக்கின் புதுப் பெயர்) கோப்பையை வாங்கித் தந்து, 2025இல் தேசிய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். நம் ராமன் விஜயன், ஒரு காலத்தில் தேசிய லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர், இன்று டெல்டா பக்கத்துப் பிள்ளைகளுக்காக அகாடமி நடத்துகிறார். ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தர்ராஜ் பயிற்சி கொடுத்துத்தான் 1973இல் கேரளா முதல் தடவையாக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை வென்றது. ஆனால் இப்போது இந்த வேலைக்கு டி, சி, பி, ஏ என்று லைசென்ஸ் படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காசும் வேண்டும், நாளும் வேண்டும். ஆட்டம் நின்று வருமானமும் நின்ற பிறகு அதைத் தொடங்கச் சொன்னால் எப்படி? இந்திய அணிக்கோ மாநில அணிக்கோ ஆடும்போதே, சங்கத்தின் செலவிலேயே, முதல் இரண்டு படிகளை முடிக்க வைக்க வேண்டும். அப்புறம் அரசுப் பள்ளிகளிலும் மாவட்ட விளையாட்டு விடுதிகளிலும் இவர்களை எடுங்கள். 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, ஆடி முடித்தவர்களுக்கு அதில் வயது வரம்பைத் தளர்த்தினால் போதும்.

இதையெல்லாம் பேச வேண்டிய இடத்தில் முன்னாள் வீரர்களின் குரல் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தேர்தலுக்கு 36 முன்னாள் வீரர்களையும் வாக்காளர்களாகச் சேர்த்துப் பட்டியல் தயாரானது. வெளியார் தலையீடு என்று சொல்லி, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தடை வந்தது. தடையை நீக்க அந்தப் பெயர்கள் நீக்கப்பட்டன. தலைவர் பதவிக்கு மாநிலச் சங்கங்கள் மட்டும் வாக்களித்ததில் கல்யாண் சௌபேக்கு 33, பூட்டியாவுக்கு 1. சௌபேயும் முன்னாள் கோல்கீப்பர்தான். அதனால்தான் அவரிடமே கேட்கத் தோன்றுகிறது: ஓய்வூதிய விதியை மாற்றச் சொல்லி சம்மேளனம் விளையாட்டு அமைச்சகத்துக்கு எழுதட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டிலிருந்து இந்தியாவுக்கு ஆடிய கால்பந்து வீரர், வீராங்கனைகளை மாவட்டவாரியாகத் தேடி, இன்று அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு தொடர் வெளியிடுங்கள். வடசென்னையில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் பகுதி கிளப் ஆட்களே சொல்வார்கள், உங்கள் நிருபர் வந்தால் கூடவே வந்து வீடு காட்டவும் தயார்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகர்,
வியாசர்பாடி, சென்னை-39.