நாலே நாளில் வந்த பேப்பர்

அல்சூர், பெங்களூரு
14.9.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

ஜூன் மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஏழு நாளில் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டுத் தருகிறோம் என்கிற ஜர்னலுக்கு உன் பேப்பரை அனுப்பட்டுமா என்று நீ கேட்டிருந்ததற்கு அன்றைக்கே ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருக்கலாம். நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அதே விஷயம் என் லேபுக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கைத்தடி இல்லாமல் சோமேஸ்வரர் கோயில் வரை போய் வருகிறாள். போன மாதம் தாடி சார் வந்திருந்தார். அதே ஜோல்னாப் பை, அதே செருப்பு. காப்பியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “சிவப்புப் பேனா எப்படி இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டார். உன் பெயரையே மறந்துவிட்டார் போலிருக்கிறது! நன்றாக இருக்கிறாள், இப்போது மொத்த டிபார்ட்மெண்டையும் மிரட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏரித் தண்ணீரில் டயாட்டம், அதாவது கண்ணாடி ஓடு கொண்ட நுண்பாசி, பார்க்கிற என் மாணவியைப் பற்றி எழுதியிருக்கிறேன் இல்லையா, கோலார் தங்கவயல் பெண். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு அவள் அப்பா தினமும் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர். அந்த வீட்டிலிருந்து பி.எச்டி. வரை வந்த முதல் ஆள் இவள். மூன்று ஏரிகள், 14 மாதங்கள், ஒரு மாதம் விடாமல் போயிருக்கிறாள். முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு கல்லாக எடுத்து, அதன் மேல் படிந்த பழுப்பு வழுவழுப்பைப் பல் தேய்க்கிற பிரஷால் சுரண்டி பாட்டிலில் பிடித்து வருவாள். அமிலத்தில் காய்ச்சினால் மற்றதெல்லாம் கரைந்து கண்ணாடி மாதிரி ஓடு மட்டும் மிஞ்சும். ஒரு ஸ்லைடுக்கு 400 ஓடுகள் எண்ண வேண்டும். உனக்குத் தெரியும், அந்த வேலையில் கழுத்து என்ன பாடுபடும் என்று.

அதைப் பேப்பராக எழுதிப் போன அக்டோபரில் ஒரு நல்ல ஜர்னலுக்கு அனுப்பினோம். மே மாதக் கடைசியில் பதில் வந்தது. ரிஜெக்ட். ஆனால் பேப்பரை வாசித்துக் கருத்துச் சொல்கிற இரண்டு ரிவ்யூவர்களும் விரிவாக எழுதியிருந்தார்கள். இரண்டாமவர் இரண்டரைப் பக்கம். திருத்தி மறுபடி அனுப்பினால் புதிதாகப் பரிசீலிக்கிறோம் என்று எடிட்டரும் ஒரு வரி சேர்த்திருந்தார். வாசித்தவுடன் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. “நல்ல ரிவ்யூடி, இந்த வேலை முடியட்டும், உட்கார்ந்து பேசலாம்” என்று அவளிடம் சொன்னேன். அதோடு கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வருகிற வேலை, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் என்று ஏழு வாரம் ஓடிவிட்டது. அது நல்ல ரிவ்யூ என்பது உனக்கும் எனக்கும் தெரியும். 26 வயதுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ‘ஏற்க இயலவில்லை’ என்ற முதல் வரிக்குக் கீழே அவள் போகவே இல்லை.

ஜூலைக் கடைசியில் என் மெயிலுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. தங்க நிறத்தில் பார்டர், மூலையில் ஒரு முத்திரை, நடுவில் அவள் பெயர், அதற்குக் கீழே என் பெயர். எங்கள் பேப்பர் ஏதோ ஒரு ‘சர்வதேச’ ஜர்னலில் வெளியாகிவிட்டதாம். கூப்பிட்டுக் கேட்டேன். திங்கட்கிழமை அனுப்பியிருக்கிறாள். புதன்கிழமை ஏற்றுக்கொண்டோம் என்று பதில். அன்றைக்கே அப்பாவிடம் 12,000 ரூபாய் வாங்கி ஜி.பே.யில் கட்டியிருக்கிறாள். வியாழக்கிழமை பேப்பர் வந்துவிட்டது. தீசிஸ் கொடுப்பதற்குள் ஒரு பேப்பராவது வேண்டுமே மேடம் என்றாள். பி.எச்டி.க்கு பேப்பர் கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022-லேயே எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் அதைத் தங்கள் சொந்த விதியாக வைத்துக்கொண்டிருக்கின்றன, அவளுடையதும் அப்படித்தான்.

அன்று இரவு அந்தப் பேப்பரைத் திறந்து முழுசாக வாசித்தேன். எங்கள் கல்லூரிப் பெயரில் எழுத்துப்பிழை. மூன்றாம் படத்துக்கான விளக்கம் நான்காம் படத்துக்குக் கீழேயும் அச்சாகியிருந்தது. அப்புறம் ஏழாம் பக்கம், முடிவுகளைப் பேசுகிற இடத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவில் அடைப்புக்குறிக்குள் மஞ்சள் நிறத்தில்: ‘இதை மேடமிடம் கேட்க வேண்டும்.’

அவள் தனக்காக டிராஃப்டில் எழுதி வைத்திருந்த குறிப்பு, செல்வி. மஞ்சள் கூடப் போகாமல் அப்படியே அச்சாகியிருக்கிறது. ஒரு மனிதர், ஒரே ஒருவர், அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்திருந்தால்கூட இது நடந்திருக்காது. 14 மாதம் தண்ணீரில் நின்றவளின் வேலையை வாங்கி, காசையும் வாங்கிக்கொண்டு, ஒரு வரி வாசிக்கவில்லை. எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது. அவள் கேட்க நினைத்தபோது அந்த மேடம் கையெட்டும் தூரத்தில் இல்லை என்பதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் அவளைத் திட்டவில்லை. அந்த வரியை மட்டும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முதல் ஜர்னலிலிருந்து வந்த மெயிலைத் திறந்து, இரண்டாம் ரிவ்யூவர் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஒன்பதாவது குறிப்பு இது: நான்காம் படத்தில் நீங்கள் நிட்சியா பாலியா என்ற டயாட்டமாகக் காட்டியிருப்பது அந்த இனமாக இருக்க முடியாது, தயவுசெய்து ஓட்டின் மேல் 10 மைக்ரானுக்குள் எத்தனை கோடுகள் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்லைடை எடுத்து, எண்ணெய் விட்டு, 100 மடங்கு லென்ஸில் வைத்து இருவரும் மாறி மாறி எண்ணினோம். பதினாறு. பாலியாவில் கோடுகள் இதைவிட எவ்வளவோ நெருக்கம், சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்கே பிடிபடாது. இது நிட்சியா அம்ஃபிபியா, வேறு இனம். என் கண்ணும் தப்பு செய்திருக்கிறது, அவள் கண்ணும் தப்பு செய்திருக்கிறது. எங்கேயோ உட்கார்ந்திருக்கும், பெயர் தெரியாத, பைசா வாங்காத ஒருவர் ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கி வைத்துக் கோடு எண்ணியிருக்கிறார். அந்த ஒரு குறிப்புக்காக அத்தனை ஸ்லைடுகளையும் மறுபடி எண்ணினோம். ஒரு ஏரியைப் பற்றி நாங்கள் எழுதியிருந்த முடிவே மாறிவிட்டது. சரியான முடிவு இப்போதுதான் கையில் இருக்கிறது. தவறானது உலகத்துக்கு முன்னால் எங்கள் பெயரோடு நிற்கிறது.

எடுத்துவிடுங்கள் என்று அந்த ஜர்னலுக்கு எழுதினோம். நீக்குவதற்கு 150 டாலர் கட்டணம் என்று பதில். கட்டவில்லை. ஏற்கெனவே வெளியான தரவை இன்னொரு ஜர்னல் புதிது என்று ஏற்காது, அதுதான் இதில் கொடுமை. காசு போனால் போகட்டும், அவளுடைய 14 மாதமும் அந்தக் குப்பைக்குள் போய் மாட்டிக்கொண்டதே. கடைசியில் முதல் ஜர்னலின் எடிட்டருக்கு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதினேன். என் தாமதத்தையும் சேர்த்து. ஆறு நாளில் பதில் வந்தது. திருத்திய பேப்பரோடு இந்த விளக்கத்தையும், நீக்கச் சொல்லி நாங்கள் எழுதிய மெயில்களையும் வைத்து அனுப்புங்கள், குழுவில் பேசி முடிவு சொல்கிறோம், உறுதி எதுவும் தர இயலாது என்று. மரியாதையான கடிதம். அதை வைத்துக்கொண்டுதான் இப்போது இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தினமும் மெட்ரோவில் போகும்போது சென்ட்ரல் காலேஜ் ஸ்டேஷன் வரும். இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழுக்கு எடிட்டராக இருந்த நாராயண ஐயங்கார் அந்தக் கல்லூரிப் பேராசிரியர். ராமானுஜனின் முதல் பேப்பர், பெர்னூலி எண்களைப் பற்றியது, 1911-இல் அந்த இதழில்தான் வந்தது. வந்தவுடன் அச்சுக்குப் போகவில்லை, திருத்தச் சொல்லித் திரும்பத் திரும்பப் போய் வந்திருக்கிறது. அவருடைய வழிகள் அத்தனை சுருக்கம், அத்தனை புதுசு, சொல்கிற விதத்தில் தெளிவு போதாது, சாதாரண வாசகரால் பின்னாலேயே போக முடியாது என்று எடிட்டர் எழுதி வைத்திருக்கிறார். ராமானுஜனுக்கே அப்படி ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருந்தது. இதை அவளிடம் சொன்னபோதுதான், இத்தனை நாளில் முதல்முறையாக, அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இனி உன் கேள்வி. பதவி உயர்வுக்கு ஒரு பேப்பர் குறைகிறது, ஏழு நாளில் போட்டுத் தருகிறோம் என்று ஒரு ஜர்னலிலிருந்து மெயில் வந்திருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். அனுப்பாதே. அந்த லிங்கை நேற்றுதான் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே ஸ்கோபஸ் என்று, தேர்ந்தெடுத்த ஜர்னல்களைத் தொகுக்கிற அந்தத் தரவுத்தளத்தின் பெயரை, பெரிதாகப் போட்டிருக்கிறது. ஸ்கோபஸின் சொந்தத் தளத்தில் தேடினால் அந்தப் பெயரே இல்லை. ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு, கல்லூரிப் பக்கத்திலிருந்து முகவரி எடுத்து மெயில் போட்டேன். தன் பெயர் அங்கே இருப்பதே இப்போதுதான் தெரியும் என்று இன்று காலை பதில் போட்டிருக்கிறார். அதில் வந்த பேப்பர்களில் நான்கை வாசித்தேன். பல் மருத்துவம், வங்கிக் கடன், கான்கிரீட், சங்க இலக்கியம், எல்லாம் ஒரே இதழில்.

ஏற்கத்தக்க ஜர்னல்கள் எவை என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியல் இருந்தவரை அதைப் பார்த்தாவது ஒரு பிடி கிடைத்தது, இந்த பிப்ரவரியில் யு.ஜி.சி. அதையும் நிறுத்திவிட்டதே என்று நீ புலம்பியிருந்தாய். அந்தப் புலம்பல் எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டியல் இருந்தபோதும் நம்மில் எத்தனை பேர் அந்த ஜர்னல்களைத் திறந்து வாசித்தோம்? பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தோம். உன்னுடையது அரசுக் கல்லூரி. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சுமார் 13,000 ஜர்னல்கள் இந்த ஜனவரியிலிருந்து உங்களுக்குத் திறந்து கிடக்கின்றன, என் கல்லூரிக்கு அது கிடையாது. உள்ளே போய், உன் துறையில் எது உண்மையாக வாசிக்கப்படுகிறது என்று பார். யாருடைய பேப்பர்களை நீ மேற்கோள் காட்டுகிறாயோ அவர்கள் எங்கே எழுதுகிறார்கள் என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இது நம்மைப் போன்ற கல்லூரிகளின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடாதே. 2013-இல் ஜான் பொஹானன் என்கிற பத்திரிகையாளர், புற்றுநோய் மருந்து பற்றி வேண்டுமென்றே பெரிய பெரிய ஓட்டைகளோடு ஒரு போலிப் பேப்பரைத் தயாரித்து 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன. ‘சயன்ஸ்’ இதழில் அது கட்டுரையாக வந்தது. அவர் அனுப்பியவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நம் நாட்டிலிருந்து நடப்பவை. எனக்கு இதில் வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகம். எண்ணிக்கையை மட்டும் கேட்டால் எண்ணிக்கையை விற்க ஆள் வரத்தான் செய்வான். மூன்று செக்‌ஷனுக்குப் பாடம் எடுத்து, விடைத்தாள் திருத்தி, தேர்தல் வேலைக்கும் போய் வருகிறவளிடம் ‘இந்த வருஷம் எத்தனை பேப்பர்’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை உன்னிடம் யார் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் சொல்கிறேன், பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போகட்டும். உன் பெயர் அந்தக் குப்பையில் வேண்டாம்டி.

உன் பேப்பரை எனக்கு அனுப்பு. இந்த முறை ஏழு வாரம் ஆக்கமாட்டேன், ஏழு நாளில் வாசித்துத் திருப்புகிறேன். அந்த மொட்டை மாடியில் ஒருத்தி தீசிஸை இன்னொருத்தி வாசித்தோமே, அதே மாதிரி.

எனக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். அவளுடைய திருத்திய டிராஃப்டை நாளைக்கு மெயிலில் போடுகிறேன். சிவப்புப் பேனாவை எடு. அவளுக்கு யார் என்று தெரிய வேண்டாம், தாட்சண்யமும் வேண்டாம். எடிட்டருக்கு அக்டோபர் 10-க்குள் அனுப்ப வேண்டும். நான்காம் படத்துக்கு எழுதியிருக்கும் விளக்கம் எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை, அங்கிருந்து ஆரம்பி.

அன்புடன்,
மீனா