பூனைக் கோட்டைக்கு ஒரே வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனியின் ரைன் நதிப் பயணக் கட்டுரையில், அதன் கரையில் நிற்கும் பூனைக் கோட்டைக்கு (காட்ஸ் கோட்டை) ஒரே வரிதான் கொடுத்திருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் சுங்க ரசீது எழுதியவன் நான், மனம் ஆறவில்லை. அதைக் கட்டியவர்கள் காட்சென்எல்ன்போகன் சிற்றரசர்கள். 1245இலேயே எதிர்க்கரையில் ரைன்ஃபெல்ஸ் கோட்டையை எழுப்பி, போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் கறந்தார்கள். பொறுக்க மாட்டாத நகரங்கள் கூட்டணி சேர்ந்து 1255இல் முற்றுகையிட்டன. கோட்டை அசையவில்லை. (சுங்கக்காரனை யார் அசைத்தார்கள்!) 1479இல் ஆண் வாரிசின்றி அவர்கள் நாடு ஹெஸ்ஸே என்ற இன்னொரு ஜெர்மன் அரசுக்குப் போனது.

அவர்களுடைய 1435ஆம் ஆண்டுச் செலவுக் கணக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சையின் கொடிகள் வாங்க 22 ஷில்லிங் என்று பதிவு இருக்கிறது. அந்தத் திராட்சைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான். எழுதியவன் என் இனம்.

— ஓய்வுபெற்ற சுங்க எழுத்தர், தூத்துக்குடி