கண்மாய்க் கரைக்கு வெட்டிவேர், கடலோர மணலுக்கு இராவணன் மீசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்துவிட்டது. இராமநாதபுரம் கடலோர வட்டாரங்களில் தூர்வாரி உயர்த்திய கண்மாய்க் கரைகளில் இன்னும் இறுகாத புது மண் கிடக்கிறது. ஐப்பசி மழை அடித்தால், வாரிய பள்ளத்துக்கே அது திரும்ப இறங்கிவிடும். வெட்டிவேர்ப் புல் வைத்தால் கரை நிற்கும் என்பது உண்மை. ஆனால் வைக்கிற விதம் பல இடங்களில் தப்பாக இருக்கிறது.

இரண்டடிக்கு ஒன்றாக, பூச்செடி போல நட்டால் அரிப்பு கூடத்தான் செய்யும். தூர்களுக்கு இடையே தண்ணீர் நெருக்குண்டு வேகமெடுக்கும். 10 முதல் 15 செ.மீ.க்கு ஒரு நாற்று, வரிசை சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பிசகாமல் போக வேண்டும். கொத்தனாரின் தண்ணீர்க் குழாயே மட்டம் பார்க்கப் போதும். வரிசை ஓரிடத்தில் தாழ்ந்தாலும் மொத்தத் தண்ணீரும் அங்கே கூடிக் கரையை அறுத்துவிடும். 100 மீட்டர் வரிசைக்கு 700 முதல் 1,000 நாற்று பிடிக்கும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே, செங்குத்து உயரத்தில் ஒரு மீட்டர் விடலாம். மணல் கூடிய கரைக்கு இன்னும் நெருக்கமாக.

நாற்றுக்காகத் தூர் பிரிக்கையில் இரண்டு மூன்று சிம்பு (தூரில் கிளைத்த தண்டு) சேர்ந்திருக்கட்டும். இலையை 20 செ.மீ. விட்டு நறுக்கி, வேரைச் சாணிக் கரைசலில் முக்கி, ஈரச் சாக்கில் சுற்றி, அன்றே நட்டுவிட வேண்டும். உவரைத் தாங்கும் புல்தான் என்றாலும் இளங்கன்றுக்கு நல்ல தண்ணீர் அவசியம். உட்கரையில் நீர் ஏறும் முன்பே வேர் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காத நாற்றைத் தண்ணீர் கிளப்பிவிடும்.

நிழல் இதற்கு ஆகாது. கரையில் நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, அந்த முள்ளையே வரிசையோரம் அடைத்தால் ஆடு கடிக்காது. ஒன்றரை மாதத்துக்குள் செத்த இடங்களில் மறுநடவு செய்தாக வேண்டும். வரிசை மூடியபின் பாருங்கள்: ஒவ்வொரு மழைக்கும் மேற்பக்கத்தில் வண்டல் தேங்கிப் படி போல உயரும், புதைந்த கணுக்களில் புது வேர் விடும். இந்த வேரை ஒருபோதும் விலைக்குத் தோண்டக் கூடாது. தோண்டினால் கரையே இளகிப்போகும். விற்பனைக்கென்றால் வயலில் தனியாகப் போடுங்கள்.

கடலோர மணல்மேட்டுக்கு வெட்டிவேர் சரிப்படாது. உப்புக் காற்றையும் மணல் மூடுவதையும் தாங்கி, புதையப் புதையக் கணுவில் வேர்விட்டு மேலேறுபவை இராவணன் மீசை என்னும் புல்லும் அடம்பன் கொடியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்றது சும்மாவா? நான்கைந்து கணுவுள்ள கொடியை நறுக்கி, நுனி மட்டும் வெளியே தெரிய ஈர மணலில் புதைத்தால் மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே இவை படர்ந்த மேட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரத்தால் வழிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கரை வேலைக்கு மதிப்பீடு போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்றுக்கும் நடவுக்கும் மட்டும் பணம் ஒதுக்காதீர்கள். முதல் இரண்டு மாதத் தண்ணீருக்கும் மறுநடவுக்கும் ஆள்கூலியை அதிலேயே சேருங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன வாசகர்கள்,
தேவிபட்டினம்