சீன மொழி வகுப்பு: இடைவெளியை அளவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சீன மொழி வகுப்புகளைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் என்ன நினைக்கிறார்கள் என்று வினாத்தாள் கொடுத்து அளவிடுவது குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் இரு தரப்பு மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பயனில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பை ஆசிரியர்கள் பெரும்பாலும் மாணவர்களைவிடச் சாதகமாகவே பார்க்கிறார்கள் என்பது, வகுப்பறைச் சூழலை ஆராய்ந்த பாரி ஃபிரேசர் போன்றோரின் ஆய்வுகளில் 1980களிலேயே தெரிந்துவிட்ட சங்கதி. சீன மொழி வகுப்பில் இந்த வித்தியாசம் இன்னும் எளிதாக மறைந்துவிடும். பொதுச் சீன மொழியான மாண்டரினில் நான்கு தொனிகள், அதாவது குரலின் ஏற்ற இறக்கங்கள். தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். நான் படித்த மாலை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்வோம். கேட்பதற்கு அருமையாக இருக்கும், ஆசிரியருக்கும் திருப்தி. என் மூன்றாம் தொனி சரியா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவருக்கும் அதே கதைதான்.

ஆசிரியர் ஆதரவு, மாணவர் ஒத்துழைப்பு போன்ற பொதுவான கேள்விகள் இருக்கட்டும். அவற்றோடு, தனியாக உச்சரித்துத் திருத்தம் பெற வாய்ப்பு கிடைக்கிறதா, எழுத்துகளின் கோட்டு வரிசையை (எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு என்பதை) பழக நேரம் போதுகிறதா என்றும் கேட்கலாம். இப்போது நடப்பது என்ன, விரும்புவது என்ன என்று இரண்டு நெடுவரிசைகளாக, பெயர் எழுதாமல், இரு தரப்பும் ஒரே தாளை நிரப்பட்டும். விடைகளைப் பருவத்தின் நடுவிலேயே வகுப்புக்குச் சொல்லிவிட்டால், மிச்சப் பாடங்களையாவது மாற்றிக்கொள்ளலாம்.