ஈ-டைப்: உருவத்தைப் பாராட்டினீர்கள், உழைத்தவர்களை விட்டுவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டனின் ஜாகுவார் நிறுவனம் 1961இல் வெளியிட்ட ஈ-டைப் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். நீண்ட முகப்பு, சரிந்து இறங்கும் பின்புறம், அதைக் கண்டு மயங்கிய பிரபலங்கள் என்று இரண்டு பக்கங்கள். ஆனால் அந்தக் கார் எப்படி இயங்கியது என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை. இயந்திரவியல் சொல்லிக்கொடுத்த எனக்கு இது மனவருத்தம் தந்தது.

வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். அதை வரைந்த மால்கம் சேயர் பிரிஸ்டல் விமான நிறுவனத்திலிருந்து வந்தவர். காற்றோட்டத்தைக் கணக்கிட்டு, வளைவுகளை எண்களாக எழுதிய பிறகே தாளில் கோடு இழுத்தவர். 1955, 1956, 1957 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஜாகுவாரின் டி-டைப் பந்தயக் காரின் உருவமும் அவர் போட்ட கணக்குதான். ஈ-டைப் அதன் நேர் வாரிசு. காற்று தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும் என்று தேடியவருக்கு அழகும் சேர்ந்து கிடைத்தது.

கட்டுரையில் திருத்த வேண்டிய ஒன்றும் இருக்கிறது. சேசிஸ் (அடிச்சட்டம்) மீது உடலைப் பொருத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். ஈ-டைப்புக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பயணிகள் அமரும் நடுப்பகுதி எஃகுத் தகடுகளால் ஆன ஒரே கூடு. அதுவே பாரத்தைத் தாங்கும். அதன் முன்சுவரில் சதுரக் குழாய்களால் ஆன சட்டத்தைப் போல்ட் போட்டு முடுக்கி, எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் (சக்கரங்களைத் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் அமைப்பு) அதில் ஏற்றினார்கள். டி-டைப்பில் கற்ற பாடம் இது. முகப்பு முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கித் திறப்பதால், எஞ்சின் நாலாபுறமும் கைக்கு எட்டும்.

உண்மையான புதுமை பின்சக்கரங்களுக்கு இடையில் இருக்கிறது. அதுவரை ஜாகுவார் விற்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் இரு பின்சக்கரங்களையும் ஒரே கனத்த ஆக்சில் (அச்சு) இணைத்திருந்தது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலின் எடை முழுவதும் சக்கரங்களோடு சேர்ந்து குதிக்கும். பாப் நைட் என்ற ஜாகுவார் பொறியாளர் இதை மாற்றினார். டிஃபரன்ஷியலை ஒரு எஃகுக் கூண்டுக்குள் நிறுத்தினார். சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்டையே சஸ்பென்ஷனின் மேல் இணைப்பாகவும் பயன்படுத்தினார். ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை! அதற்குக் கீழே ஒரு இணைப்புக் கை, பக்கத்துக்கு இரண்டு சுருள்வில்கள். பிரேக் டிஸ்க்குகளைச் சக்கரத்திலிருந்து எடுத்து டிஃபரன்ஷியலை ஒட்டி வைத்ததால், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் எடை இன்னும் குறைந்தது. கூண்டு முழுவதும் ரப்பர் தாங்கிகள் மூலம் உடலோடு சேர்வதால் இரைச்சலும் அதிர்வும் உள்ளே வருவது பெரிதும் குறைகிறது. வேகமும் சொகுசும் ஒரே காரில் கிடைத்தது இதனால்தான். இதற்கு விலையும் உண்டு. பிரேக்கின் சூடு அருகில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல்களைக் கெடுக்கும். பின் பிரேக்கில் பெரிய வேலை என்றால் பெரும்பாலும் கூண்டையே கீழே இறக்க வேண்டியிருக்கும். ஆனாலும் பின்னாளில் எக்ஸ்ஜே6 போன்ற ஜாகுவார் கார்களும் இதே அமைப்போடுதான் வந்தன.

எஞ்சின் அதைவிடப் பழையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருந்த தொழிற்சாலையில், குண்டுவீச்சில் தீப்பிடித்தால் அணைக்க இரவுத் தீக்காவலுக்கு இருந்தபோது, நிறுவனர் வில்லியம் லயன்ஸ், பொறியாளர்கள் வில்லியம் ஹேன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோர் பேசிப் பேசி உருவாக்கிய திட்டம் அது. 1948இல் எக்ஸ்கே120 காரில் வெளிவந்தது. ஆறு சிலிண்டர், அலுமினிய ஹெட், அதன் மேல் வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம் ஷாஃப்ட். ஈ-டைப்பில் 3,781 சிசி, எஸ்யூ நிறுவனத்தின் மூன்று கார்புரேட்டர்கள், நிறுவனம் சொன்ன கணக்கில் 265 குதிரைத்திறன். இந்தக் குடும்பத்து எஞ்சின் டெய்ம்லர் லிமோசின்களில் 1992 வரை உயிரோடு இருந்தது. உங்கள் கட்டுரை லயன்ஸ் பெயரை மட்டும் சொல்கிறது. அவர் நிறுவனர், மிகக் கூர்ந்த கண் உடையவர். ஆனால் ஹேன்ஸ், நைட் போன்றவர்களை விட்டுவிட்டு இந்தக் காரின் கதையைச் சொல்வது நியாயமில்லை.

மணிக்கு 150 மைல் வேகம் என்பதையும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பத்திரிகைகளின் சோதனைக்குக் கொடுத்த கார்கள் நுணுக்கமாகத் தயார்செய்யப்பட்டவை. வாடிக்கையாளர் வாங்கிய கார்கள் அதற்குச் சற்றுக் கீழேதான் நின்றன. முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் சேர உதவும் அமைப்பு) இல்லாத பழைய கியர்பாக்ஸ் ஒரு குறை; 1964இல் 4.2 லிட்டர் எஞ்சினோடுதான் அது தீர்ந்தது. இவற்றைச் சொல்வதால் காரின் பெருமை குறையாது. ஏறத்தாழ 2,100 பவுண்டுக்கு இவ்வளவையும் கொடுத்தார்கள். அப்போது ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 ஸ்போர்ட்ஸ் கார் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை.

1961 மார்ச் மாதம் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் காரை ஓட்டிப்பார்க்கக் கூட்டம் முண்டியடித்ததும், சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக இன்னொரு காரை ஓட்டிவந்து சேர்த்ததும் உங்கள் வாசகர்கள் விரும்பிப் படிக்கக்கூடிய செய்திகள். அவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கலாம்.

அடுத்த இதழில் அந்தப் பின் சஸ்பென்ஷனின் படம் ஒன்றை, உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் குறித்து, அரைப் பக்கத்திலாவது வெளியிடுங்கள். பாலிடெக்னிக் மாணவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். படத்துக்குக் கீழே பாப் நைட்டின் பெயரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்,
கோயம்புத்தூர்