200 கிராம் அரிசி

அன்புள்ள கயல்,

உன் குரல் பதிவை மூன்று முறை கேட்டோம். நாலாவது முறை அப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. ஐந்து வாரம் கழித்து வந்த குரல் அல்லவா. 2024 அக்டோபரில் ஸ்பெயினில் உன் வலென்சியாவில் வெள்ளம் வந்தபோது ஒரே நாளில் நாலு தடவை பேசி எங்களைத் தேற்றியவள் நீ. வெயில் அடிக்கிற நாளில்தான் பேச நேரமில்லை. சரி, விடு.

இங்கே இருந்தவரை ரசத்துக்குப் புளிகூடக் கரைத்துக் கொடுத்ததில்லை, அங்கே போய் முயல் கறி போட்டுப் பாயேயா சோறு செய்கிறாய். படத்தைப் பக்கத்து வீட்டு அத்தைக்குக் காட்டினேன். "மஞ்சள் சோறா?" என்றாள். குங்குமப்பூ என்றதும் வாயை மூடிக்கொண்டாள். அல்புஃபெரா ஏரியைச் சுற்றி நெல் வயல் என்றாயே, அப்பா போனில் வரைபடம் திறந்து பார்த்துவிட்டு, மன்னார்குடி மாதிரியே இருக்கிறது என்கிறார். அங்கே நடவா, நேரடி விதைப்பா என்று கேட்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் செய்துபார்த்தேன். பாயேயா என்பதே அந்த அகலச் சட்டியின் பெயர்தானாமே, நம் வீட்டில் அதற்கு எங்கே போவது? இருப்புச்சட்டியில் கோழியைப் பொரித்து, பீன்ஸும் தக்காளியும் வதக்கி, தண்ணீர் கொதித்ததும் அரிசி போட்டேன். வெங்காயம் கூடாது என்றாய், கை பரபரத்தது, போடவில்லை. ஆனால் அரிசி போட்ட பிறகு கரண்டியே வைக்கக்கூடாது என்றாயே, அதுதான் என்னால் முடியவில்லை. ஒரு தரம் கிளறினேன். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கிளறினேன். பொன்னி குழைந்து பொங்கலாகிவிட்டது. உங்கள் பொம்பா அரிசி எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் வெடிக்காதாம், அது ரகமே வேறு.

அடியில் காந்தல் மட்டும் நன்றாகப் பிடித்தது. அங்கே அதற்கு சொக்கராத் என்று பெயர், அதற்காகவே அடித்துக்கொள்வார்கள் என்றாய். இந்த வீட்டில் முப்பது வருஷமாகக் காந்தல் என் தட்டில்தான் விழுகிறது, ஒருத்தரும் பங்கு கேட்டதில்லை. அன்றைக்கு அப்பா சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டார்.

முயல் எலும்பு பொடிசு, பார்த்துச் சாப்பிடு. ராத்திரியில் சாப்பிடாதே. அந்த ஊர்க்காரர்களே மதியம்தான் சாப்பிடுவார்கள் என்று நீதான் சொன்னாய், ஆனால் படத்தில் ஜன்னல் இருட்டாக இருந்தது.

அப்புறம், ஆளுக்கு 100 கிராம் அரிசி கணக்கு என்றாய். 200 கிராம் போட்டதாகவும் சொன்னாய். சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவது வழக்கமாம், படத்தில் எதிரும் புதிருமாக இரண்டு மரக்கரண்டி. மறுநாளைக்கும் சேர்த்துச் செய்திருப்பாள் என்றார் அப்பா. பழைய சோற்றை நீ எப்போது தொட்டிருக்கிறாய்?

நான் எதுவும் கேட்கவில்லை.

மூன்று வருஷம் முன்னால் போனில் ஒரு பெயர் சொன்னாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். பால் இல்லை கயல். அடுப்பையே பற்றவைக்கவில்லை. நீ மறுபடி கூப்பிட்டால் எடுக்கலாம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். நீ கூப்பிடவில்லை. நானாவது கூப்பிட்டிருக்கலாம். அதற்குப் பிறகு நீ வேலை, குளிர், வாடகை என்று மட்டுமே பேசுகிறாய், நானும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன். வத்தல், வடகம், பருப்புப்பொடி. பொடிக்குக் காரம் எவ்வளவு என்று சொல், பழகாத நாக்கு என்றால் மிளகாயைக் குறைத்து அரைக்கிறேன். முயல் எலும்பு பொடிசு. பார்த்துச் சாப்பிடுங்கள்.

அம்மா