மெலிசான ஹேண்ட்கார்டு பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மடலை இரண்டு வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டும். பட்டறையில் ஆள் குறைந்துபோனதில் உட்கார்ந்து எழுத நேரமே கிடைக்கவில்லை. அதற்குள் எங்கள் மெலிசான ஃப்ரீ-ஃப்ளோட் ஹேண்ட்கார்டைப் பற்றி, அதாவது ரைஃபிளின் பேரலை (குண்டு பாயும் குழலை) தொடாமல் சுற்றி நிற்கிற, முன்கை பிடிக்கும் அலுமினியக் குழாயைப் பற்றி, ஒரு பேச்சு வாய்க்கு வாய் பரவிவிட்டது. பல வருடமாக எங்களிடம் வாங்குகிற ஒருவரே போன் செய்து, "அலுமினியத்தை மிச்சம் பிடிக்கத்தான் இப்படி ஒல்லியாக்கிட்டீங்களாமே?" என்று கேட்டார். கை சுடுகிறது என்றார்கள், விளிம்பு கீறுகிறது என்றார்கள், அதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். இந்த ஒரு பேச்சு மட்டும் மனதை அறுக்கிறது, அதனால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் குறைத்தது குழாயின் விட்டத்தை. சுவரின் கனத்தில் கை வைக்கவே இல்லை. பழைய மாடலிலும் சுவர் 2.5 மில்லிமீட்டர்தான், புதியதிலும் அதேதான், காலிப்பர் இருந்தால் இப்போதே வைத்துப் பாருங்கள். விளக்கு மாதிரியான துணைக்கருவிகளை மாட்ட நான்கு பக்கமும் பிக்காட்டினி ரெயில் பல் வைத்த அந்தப் பழைய மாடல் உங்களுக்கு நினைவிருக்கும். பல் உள்ளங்கையைக் குத்துகிறதென்று மேலே ரப்பர் உறை போடுவீர்கள், போட்டதும் பிடி இரண்டு அங்குலத்தைத் தாண்டிவிடும், விரல்கள் சுற்றி வராமல் பக்கவாட்டிலேயே நின்றுவிடும். இடது கை வலிக்கிறது என்று எங்களிடம் சொன்னது நீங்கள்தான். 2014-இல் எம்-லாக் என்கிற, துளையில் நேராக மாட்டும் முறை வந்த பிறகு பல்லே தேவைப்படவில்லை. குழாயில் நீளமான துளைகளை மட்டும் வெட்டிவிட்டு, விளக்கோ பைபாடோ (இரட்டைக்கால் தாங்கி) எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் துண்டு ரெயிலைப் பொருத்திக்கொள்ளலாம். அப்படித்தான் வெளிவிட்டம் ஒன்றரை அங்குலத்துக்கு இறங்கியது. மிச்சமான உலோகத்தைவிட, அத்தனை துளைகளையும் வெட்ட மெஷின் ஓடுகிற நேரத்துக்குத்தான் எங்களுக்குச் செலவு அதிகம். மிச்சம் பிடிக்க நினைத்திருந்தால் பழைய மாடலையே விற்றுக்கொண்டிருப்போம்.

சரி, சூடு. உள்விட்டம் 1.3 அங்குலம். பேரலிலிருந்து வாயுவைப் பிரித்துப் பின்னால் அனுப்பும் கேஸ் பிளாக் உட்காரும் இடத்தில் பேரல் பொதுவாக 0.75 அங்குலம் இருக்கும். அப்படியானால் பேரலுக்கும் குழாய்க்கும் நடுவில் சுற்றிலும் ஏழு மில்லிமீட்டர் காற்றுதான். போதாததற்கு பேரலை ரிசீவரோடு (துப்பாக்கியின் உடலோடு) இறுக்கும் பேரல் நட் வழியாகவும் சூடு நேராகக் குழாய்க்கு ஏறும், அலுமினியமும் சூட்டை நன்றாகவே கடத்தும். அதனால் இரண்டு மூன்று மேகசின்களை வேகமாகச் சுட்டால் மெலிசான அலுமினியக் குழாய் எதுவானாலும் கையில் தெரியத்தான் செய்யும். இதைப் பெட்டியிலேயே ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும், வைக்காதது எங்கள் தப்பு, மன்னியுங்கள். நிதானமாகச் சுடுகிறவர்களுக்கு இது தொந்தரவே இல்லை. வேகமாக, நிறையச் சுடுகிறவர்கள் கை படும் இடத்தில் எம்-லாக் பேனல் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள், இல்லை கையுறை போடுங்கள். அதுவும் பிடிக்கவில்லையென்றால் அகலமான மாடலை வாங்குங்கள். சப்ரெஸரை (சத்தம் குறைக்கும் கருவியை) குழாய்க்குள் நுழைத்து வைக்க நினைக்கிறவர்களும் அகலமானதைத்தான் வாங்க வேண்டும். சப்ரெஸர் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம் பருமன் இருக்கும், இந்தக் குழாய்க்குள் அது போகவே போகாது.

"ஃப்ரீ-ஃப்ளோட் என்கிறீர்கள், ஆனால் எங்கேயோ இடிக்கிறதே" என்று ஒருவர் ரைஃபிளையே எடுத்து வந்தார். துப்பாக்கி காலி என்று அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அப்புறம் ஒரு தாளை நீளவாக்கில் கிழித்து, பேரலுக்கு அடியில் முன்பக்கமாக நுழைத்துப் பின்னால் இழுத்தேன். வழுவழுவென்று வந்தது, கேஸ் பிளாக் கிட்ட வந்ததும் நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், அவர் போட்டிருந்தது அடியில் திருகு துருத்திக்கொண்டிருக்கும் பெரிய கேஸ் பிளாக். திருகுத் தலை ஒன்று குழாயின் உள்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் பாதுகாப்புப் படலம்) உரிந்து புள்ளியாக மினுங்கியது. உயரம் குறைந்த கேஸ் பிளாக் மாற்றியதும் தாள் தடையில்லாமல் போய் வந்தது. இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. பழைய இரண்டு துண்டு ஹேண்ட்கார்டின் முன்முனை பேரலிலேயே உட்கார்ந்திருக்கும், கையால் அழுத்தினாலும் ஸ்லிங்கை இழுத்துப் பிடித்தாலும் அந்த விசை பேரலுக்குப் போய்க் குண்டு படும் இடம் நகரும். பேரல் நட்டில் மட்டும் குழாயைப் பிடித்துவைப்பதே அதைத் தவிர்க்கத்தான். ஒரு திருகு தொட்டால் கூட நீங்கள் கொடுத்த பணத்துக்குப் பலன் போச்சு.

நீளத்தைப் பொறுத்தவரை, தயவுசெய்து படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காலியான ரைஃபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கை தானாகப் போய்ப் பிடிக்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். நாலைந்து முறை செய்தால் டேப் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவியும். அதற்கு முன்னால் இரண்டு மூன்று அங்குலம் இருந்தால் போதும், கூடவே கேஸ் பிளாக்கும் உள்ளே மறைய வேண்டும். கை குட்டையானவர்கள் 15 அங்குலம் வாங்கி முன்பாரத்தில் தோள் நொந்துபோவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

பொருத்தும்போது மேல் ரிசீவரை அதற்கான பிளாக்கில் வைத்துத்தான் வைஸில் பிடிக்க வேண்டும். மரைக்கு மாலிப்டினம் கிரீஸ் போடுங்கள், கிராஃபைட் கலந்தது வேண்டாம், அது அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தை அரிக்கும். நட்டுக்கு 30 முதல் 80 அடி-பவுண்டு வரை டார்க் கொடுக்கலாம். கேஸ் பிளாக்கிலிருந்து ரிசீவருக்குள் போகும் கேஸ் டியூப் நேராக நுழையவில்லையென்றால் இன்னும் முறுக்காதீர்கள், ஷிம்மை (நட்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய வளையத்தை) மாற்றிப் பாருங்கள்.

விளிம்பு விஷயத்தில் எனக்குச் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. துளை விளிம்புகளைக் கையால் மழுக்கிக்கொண்டிருந்த அண்ணன் உடம்பு முடியாமல் வேலையை விட்டுவிட்டார். அவர் விரலால் தடவிப் பார்த்தே ஓகே சொல்வார், அந்தப் பக்குவம் புது ஆளுக்கு வர நாளாகிறது. நடுவில் போன ஒரு பேட்ச்சில் கூர் தங்கிவிட்டது, பேசினவர்கள் பேசினது நியாயம்தான். அலுமினியம், அனோடைசிங் எல்லாம் ஏறியதில் விலையும் சற்று ஏறுகிறது, நட் ரெஞ்ச் இனி தனியாக வாங்க வேண்டியிருக்கும், ஆர்டர் கைக்கு வர ஆறு வாரம் ஆகலாம். இந்தக் குழப்பத்திலும் ஆர்டரை ரத்து செய்யாமல் காத்திருந்தவர்களுக்கும், கோபத்தை வெளியே கொட்டாமல் நேராக எங்களிடம் சொன்னவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. உங்களால்தான் இந்தப் பட்டறை ஓடுகிறது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் துளை விளிம்பில் ஒரு பழைய துணியை ஓட்டிப் பாருங்கள். நூல் மாட்டினால் குழாயை மட்டும் கழற்றி அனுப்புங்கள், நட் ரைஃபிளிலேயே இருக்கட்டும். கூரியர் செலவு போக வர எங்களுடையது. கட்டுக்குள் உங்கள் பெயரும் ஆர்டர் எண்ணும் எழுதிய சீட்டை மறக்காமல் வையுங்கள், போன வாரம் வந்த இரண்டு குழாய்கள் யாருடையவை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.